வீனல் என்ற ஆங்கிலச் சொல்: பொருள் அறிந்து பிழையில்லாமல் எழுத முழுமையான வழிகாட்டி

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலத் தலையங்கம் படிப்பவர்கள், ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கம் செய்பவர்கள் என இரண்டு தரப்பினரோடும் உட்கார்ந்து வேலை பார்ப்பதுண்டு. இரண்டு தரப்பும் தடுக்கி விழும் சொற்களில் ஒன்று ‘வீனல்’. அகராதியைப் பார்ப்பார்கள், ‘லஞ்சம் வாங்குகிற’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள், அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அவர்களே எழுதும் வாக்கியத்தில் லஞ்சம் கொடுத்தவர் வீனல் ஆகியிருப்பார், பிடிபட்ட பணம் வீனல் ஆகியிருக்கும், வீட்டுப்பாடம் எழுதாத பையன்கூட வீனல் ஆகியிருப்பான்.

குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் வரிசைதான். எல்லோரும் பொருளில் தொடங்குகிறார்கள். இந்தச் சொல்லுக்கு ஒலியிலும் எழுத்திலும் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. மாணவர்களுக்கென்று போடப்பட்ட பதிப்பாக இருந்தால் நல்லது. ஆங்கில–தமிழ் அகராதி மட்டும் போதாது. அது ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்தச் சொல் யாரைப் பற்றி வரும், எதைப் பற்றி வராது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. நமக்கு வேண்டியதே அதுதான்.

இன்னொன்று: ‘கரப்ட்’, ‘கிரீடி’, ‘பிரைப்’ என்ற மூன்று சொற்களும் உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்த்தால்தான் வீனல் பிடிபடும். இவற்றில் தடுமாற்றம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

2. முதலில் ஒலி

‘பீனல் கோடு’ என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த பீனலோடு எதுகையாக வருவது வீனல். மருத்துவம் படிப்பவர்களுக்குச் சிறுநீரகத்தைக் குறிக்கும் ‘ரீனல்’ நினைவுக்கு வரும். அதே ஓசைதான். அழுத்தம் முதல் அசையில் விழும். இரண்டாம் அசை சுருங்கி, கிட்டத்தட்ட ‘ன்ல்’ என்று காதில் விழும்.

எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ‘வெனல்’ என்பார்கள், சிலர் ‘வேனல்’ என்பார்கள். வேனல் என்றால் நமக்குக் கோடைக்காலம்.

ஒலி எதற்கு முதலில் என்றால், இதே போன்று ஒலிக்கும் இன்னொரு சொல் இருக்கிறது: ‘வீனியல்’. ஒலியைத் தெளிவாகப் பதித்துக்கொள்ளாதவர்கள் மனத்தில் இரண்டும் ஒரே சொல்லாகத் தங்கிவிடும். பிறகு எத்தனை முறை பொருள் படித்தாலும் அது கலந்தேதான் நிற்கும். ஆகவே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பீனல், ரீனல், வீனல் ஒரு பக்கம்; ஜீனியல், வீனியல் மறு பக்கம்.

இதன் பெயர்ச்சொல் ‘வினாலிட்டி’. இங்கே அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். அந்த அசையின் உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ‘பேங்க்’ என்று சொல்லும்போது வாயில் வரும் ஒலி அது.

3. அந்த ஓர் எழுத்து

வீனலுக்கு எழுத்துகள் வி, இ, என், ஏ, எல். வீனியலுக்கு வி, இ, என், ஐ, ஏ, எல். நடுவில் ஓர் ‘ஐ’ கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் பொருள் நேர் எதிர்த் திசைக்குப் போய்விடுகிறது. வீனல் கடுமையான குற்றச்சாட்டு. வீனியல் என்றால் ‘பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மன்னித்துவிடலாம்’ என்று பொருள்.

வீனியல் அதிகம் புழங்குவது கத்தோலிக்க மறைக்கல்வியில். அங்கே பாவம் இரண்டு வகை. கனமான காரியமாக இருந்து, முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்தால் அது ‘மோர்ட்டல் சின்’. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சாவான பாவம் என்பார்கள். காரியம் அவ்வளவு கனமில்லை என்றாலோ, அறிவோ சம்மதமோ முழுமையாக இல்லை என்றாலோ அது ‘வீனியல் சின்’, அற்பப் பாவம். ஆங்கிலப் பொது எழுத்தில் ‘வீனியல் எரர்’, ‘வீனியல் ஃபால்ட்’ என்று வருவதெல்லாம் இந்தப் பொருளில்தான்.

இரண்டும் உண்மையான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடாது. லஞ்சம் வாங்கிய அமைச்சரை ‘வீனியல் மினிஸ்டர்’ என்று எழுதினால் அவர் செய்தது மன்னிக்கத்தக்க சின்னத் தவறு என்று நீங்களே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். அவர் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்.

நினைவில் நிறுத்த நான் சொல்லித் தரும் வழி இது: நடுவில் ‘ஐ’ இருந்தால் ‘ஐயோ பாவம்’, விட்டுவிடு. ‘ஐ’ இல்லையென்றால் இரக்கமும் இல்லை. இதற்கு மேல் எந்த உத்தியும் தேவைப்பட்டதாக நான் பார்க்கவில்லை.

4. இப்போது பொருள்

‘லஞ்சம் வாங்குகிற’ என்று எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். அது தவறு என்று சொல்லவில்லை. வாலைப் பிடித்திருக்கிறீர்கள், தலை வேறு இடத்தில் இருக்கிறது.

லத்தீனில் ‘வேனும்’ என்றால் விற்பனை. நம் ஊர்ப் பத்திர அலுவலக வாசலில் முத்திரைத்தாள் விற்பவரை ஸ்டாம்ப் வெண்டர் என்கிறோமே, அந்த வெண்டரும் இதே வேரிலிருந்து வந்தவர்தான். (வீனியலின் வேர் வேறு. ‘வேனியா’ என்றால் மன்னிப்பு.) ஆக வீனல் என்பதன் அடிப்பொருள் ‘விற்பனைக்கு இருக்கிற’. விற்கக் கூடாத ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்பது அதில் அடங்கிய குற்றச்சாட்டு. அந்த ஒன்று தீர்ப்பாக இருக்கலாம், கையெழுத்தாக இருக்கலாம், செய்தியாகவோ நாட்டின் ரகசியமாகவோ இருக்கலாம்.

தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு வழக்கு இருக்கிறது: விலைபோவது. ‘அவன் விலைபோய்விட்டான்’ என்று நாம் சொல்லும்போது என்ன நினைக்கிறோமோ, அதுவே வீனலின் பொருள். பழங்கால வட ஆப்பிரிக்க நாடான நுமிடியாவின் அரசன் ஜுகுர்த்தா ரோம் நகரத்தை விட்டு வெளியேறும்போது, இது விலைக்கு நிற்கும் நகரம், வாங்க ஆள் கிடைத்தால் சீக்கிரம் அழிந்துவிடும் என்று சொன்னதாக ரோம வரலாற்றாசிரியர் சலுஸ்ட் எழுதியிருக்கிறார். அங்கே அவர் பயன்படுத்திய லத்தீன் சொல்தான் ஆங்கிலத்துக்கு வீனலாக வந்தது.

இன்னொரு நுணுக்கத்தையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். லஞ்சம் வாங்கியது ஒரு செயல். வீனல் என்பது குணம். ஒருவர் இன்னும் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க மாட்டார். ஆனால் யாராவது சரியான தொகையோடு வந்தால் மறுக்க மாட்டார் என்று தெரிகிறது. அவரையும் வீனல் எனலாம். மறுபக்கம், வாழ்நாளில் ஒரே ஒரு முறை மகளின் மருத்துவச் செலவுக்காகக் கைநீட்டிவிட்டு வருந்துகிறவருக்கு இந்தச் சொல் சற்றுக் கனம்தான். நான் போட மாட்டேன். கொடூரம், வெறுப்பு, பழிவாங்கும் எண்ணம் எதுவும் இதில் இல்லை. விலை முன்னால் வந்ததும் வளைந்துவிடும் பலவீனம் மட்டுமே இருக்கிறது.

5. எந்தப் பெயரோடு சேரும், எதோடு சேராது

பிழைகள் அதிகம் நடக்கும் படி இது. நிதானமாகப் பாருங்கள்.

பொறுப்பை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆட்களோடு இயல்பாகச் சேரும்: வீனல் அஃபிஷியல், வீனல் ஜட்ஜ், வீனல் பாலிடீஷியன். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த அமைப்போடும் சேரும்: வீனல் ரெஜீம், வீனல் பிரஸ். அவர்களுடைய நோக்கத்தோடும் பேரத்தோடும் சேரும்: வீனல் மோட்டிவ்ஸ், வீனல் பார்கெய்ன்.

பணத்தோடு சேராது. ‘வீனல் மணி’ என்று எழுதாதீர்கள். காசு விலைபோவதில்லை, அதுதான் விலை. கறுப்புப் பணத்தைக் குறிக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

கொடுப்பவரோடும் பொதுவாகச் சேராது. ஒப்பந்தக்காரர் ஒருவர் பொறியாளருக்குப் பணம் கொடுத்துச் சாலை ஒப்பந்தத்தை வாங்குகிறார். வீனல் யார்? பொறியாளர். ஒப்பந்தக்காரர் வாங்குகிற ஆள், விலைபோகிற ஆள் இல்லை. இதைச் சொன்னதும் வகுப்பில் எதிர்ப்பு வரும்: அப்படியானால் கொடுப்பவன் யோக்கியனா? இல்லவே இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் நேரடியாகவே குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்ப முடியும். சட்டத்தில் அவர் குற்றவாளி. மொழியில் அவருக்கான சொல் மட்டும் வேறு.

ஓட்டுக்குப் பணம் வாங்கும் வாக்காளரை என்ன சொல்வது? 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணப் பட்டுவாடா புகாரால் ரத்து செய்யப்பட்டது. இந்தச் செய்தியை எழுதச் சொன்னால் பலரும் ‘வீனல் வோட்டர்ஸ்’ என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டு கட்சியிடமும் வாங்கிக்கொண்டு, மூன்றாவதாகத் தனக்குப் பிடித்தவருக்குக் குத்துகிறவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் பணம் வாங்கினார்கள், ஓட்டை விற்கவில்லை. விற்றது உறுதியாகத் தெரியாத இடத்தில் இந்தச் சொல்லைத் தவிர்த்து, ‘ஓட்டுக்குப் பணம் கொடுப்பது’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுவதே நேர்மை.

வரலாறு படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பழைய பிரான்ஸைப் பற்றிய நூல்களில் ‘வீனல் ஆஃபீஸ்’ என்று அடிக்கடி வரும். லஞ்ச அலுவலகம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அங்கே நீதிபதி, வரி அதிகாரி போன்ற பதவிகளை அரசே சட்டப்படி விற்றது. 1604 முதல் ‘பாலெட்’ என்ற ஆண்டு வரியைக் கட்டினால் வாங்கிய பதவியை வாரிசுக்கும் விடலாம் என்றானது. புரட்சியின்போது 1789 ஆகஸ்டில்தான் இதை ஒழிக்க முடிவெடுத்தார்கள். இங்கே வீனல் என்பது வசைச் சொல் இல்லை, ‘விலைக்கு வாங்கத்தக்க பதவி’ என்ற வெறும் விவரம்.

6. நெருங்கிய சொற்களிலிருந்து பிரித்தெடுத்தல்

‘கரப்ட்’ பெரிய வட்டம், வீனல் அதற்குள் இருக்கும் சிறிய வட்டம். மைத்துனருக்கு வேலை வாங்கித் தருகிறவர், எதிரியைப் பழிவாங்கக் காவல்துறையை ஏவுகிறவர் எல்லாம் கரப்ட். இவர்கள் விலைபோகவில்லை என்றால் வீனல் இல்லை. கணினிக் கோப்புகூட கரப்ட் ஆகும், வீனல் ஆகாது.

‘கிரீடி’ என்பது ஆசையின் அளவைச் சொல்கிறது. பேராசைக்காரர் சட்டப்படியே வட்டிக்கு விட்டுச் சேர்க்கலாம். அவரிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைக்கவில்லை, அதனால் விற்பதற்கும் எதுவும் இல்லை.

‘மெர்சினரி’ இன்னும் நெருக்கமானது, அதனாலேயே ஆபத்தானது. காசு கிடைத்தால்தான் வேலை, காசு மட்டும்தான் நோக்கம் என்பவர் மெர்சினரி. அவர் வேலையில் வெளிப்படைத்தன்மை இருக்கலாம், ரசீதுகூடக் கொடுக்கலாம். வீனல் ஆள் ரசீது கொடுப்பதில்லை.

‘ஸ்பைன்லெஸ்’ என்ற சொல்லையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். இரண்டுமே ஒழுக்கப் பலவீனம்தான், ஆனால் வளைக்கும் விசை வேறு. முதுகெலும்பில்லாதவர் பயத்துக்கு வளைகிறார், வீனல் ஆள் பணத்துக்கு வளைகிறார். மேலிடத்துக்குப் பயந்து கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரி ஸ்பைன்லெஸ். அதே கோப்பில் உறை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டால் வீனல்.

7. வாக்கியத்தில் உட்காரவைத்தல்

பெயருக்கு முன்னால் வரும்: ‘எ வீனல் அஃபிஷியல் சோல்ட் த பெர்மிட்ஸ்.’ வினைக்குப் பின்னாலும் வரும்: ‘த கோர்ட் வாஸ் வீனல்.’ இரண்டும் சரி.

ஒப்பிட வேண்டுமானால் ‘மோர் வீனல்’, ‘மோஸ்ட் வீனல்’. ‘வீனலர்’ கிடையாது.

தனியாகப் பெயர்ச்சொல்லாக நிற்காது. ‘ஹி இஸ் எ வீனல்’ என்பது தமிழில் ‘அவர் ஒரு விலைபோகிற’ என்று பாதியில் நிறுத்துவது மாதிரி. பின்னால் ஒரு பெயர் வேண்டும், இல்லையென்றால் ‘எ’யை எடுத்துவிட்டு ‘ஹி இஸ் வீனல்’ என்று முடிக்க வேண்டும். ‘வீனல் ஃபார் மணி’ என்றும் நீட்டாதீர்கள். காசு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வினையடையாக ‘வீனலி’ அகராதியில் இருக்கிறது, படிப்பவர் காதில் இடறும். வாக்கியத்தை மாற்றி எழுதி வினாலிட்டியைப் பயன்படுத்துங்கள்: ‘த வினாலிட்டி ஆஃப் த போர்ட் ஷாக்ட் எவ்ரிஒன்.’

8. தமிழாக்கம் செய்யும்போது

ஆளைப் பற்றி வந்தால் ‘விலைபோகும்’, ‘காசுக்கு வளையும்’, ‘கையூட்டுக்கு மயங்கும்’ என்பவற்றில் இடத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். நாளிதழ் நடைக்கு முதல் இரண்டும் போதும். ‘ஊழல்’ என்ற சொல்லை கரப்ட்டுக்கு விட்டுவையுங்கள். ஒரே பத்தியில் ‘கரப்ட் அண்ட் வீனல்’ என்று சேர்ந்து வந்தால், முதலாவதற்கே ஊழலைச் செலவழித்தவர்கள் இரண்டாவதற்கும் ஊழலையே திருப்பிப் போடுகிறார்கள். ‘ஊழல் மலிந்த, காசுக்கு விலைபோகிற’ என்றால் இரண்டும் நிற்கும்.

வினாலிட்டிக்கு ‘விலைபோகும் தன்மை’ சரி. ஓர் அலுவலகத்தையோ ஆட்சியையோ பற்றி வந்தால் அது மொட்டையாகத் தெரியும். ‘எதற்கும் ஒரு விலை என்ற நிலை’ என்று விரித்து எழுதலாம்.

‘மாமூல்’ இங்கே வேண்டாம். மாமூல் வாங்கிய தொகையையும் வழக்கத்தையும் குறிக்கிறது, ஆளின் குணத்தைக் குறிப்பதில்லை.

9. எங்கே போடக் கூடாது

இது எழுத்து நடைச் சொல். தலையங்கம், கட்டுரை, வரலாறு, தேர்வுத் தாள் ஆகியவை இதன் இடம். பேச்சில் ஆங்கிலேயர்களே பெரும்பாலும் கரப்ட் என்றுதான் சொல்வார்கள். அலுவலக மின்னஞ்சலில் போட்டால் வம்பு.

புகார் மனுவிலும் இதற்கு வேலை இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதும்போது யார் கேட்டார், என்றைக்குக் கேட்டார், எதற்காக, எவ்வளவு என்பதைத்தான் எழுத வேண்டும். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் முன்பு ‘கிராட்டிஃபிகேஷன்’ என்று இருந்தது, 2018 திருத்தத்துக்குப் பின் ‘அன்டியூ அட்வான்டேஜ்’ என்று ஆனது. சட்டத்துக்கு உங்கள் பெயரடை தேவையில்லை, விவரம்தான் தேவை.

பெயர் சொல்லி ஒருவரைப் பொதுவெளியில் வீனல் என்று எழுதுவது அவர் லஞ்சத்துக்கு விலைபோகிறவர் என்று குற்றம் சாட்டுவதுதான். ஆதாரம் இல்லையென்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு, அவதூறு, உங்களைத் தேடி வரலாம். ஆங்கிலத்தில் எழுதினோம், யாருக்குப் புரியப்போகிறது என்று இருந்துவிட வேண்டாம்.

10. பயிற்சி

சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதுங்கள்: ஒன்று ஆளைப் பற்றி, ஒன்று அமைப்பைப் பற்றி, ஒன்றில் வினாலிட்டி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் இரண்டு குறிப்பு போடுங்கள்: எது விற்கப்பட்டது அல்லது விற்பனைக்கு நிற்கிறது, எந்த விலைக்கு. இரண்டில் ஒன்றை உங்களால் எழுத முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தில் சொல் பொருந்தவில்லை.

மறுநாள் எடுத்து, வீனல் வரும் இடத்தில் கரப்ட்டைப் போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் சற்று மங்குகிறதா? அப்படியானால் வீனலை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் கரப்ட்டே இருக்கட்டும். தேர்வில் திருத்துபவருக்கும் அதுதான் பிடிக்கும்.